பிரியாணிக்கு எந்த ஒயின்?

வெள்ளோட்டில் என் அத்தை வீட்டுச் சமையலறை மூலையில் ஒரு பீங்கான் ஜாடி உண்டு. வருஷத்தில் பத்து மாதம் அதில் நார்த்தங்காய் ஊறுகாய் இருக்கும். நவம்பர் பிறந்ததும் ஊறுகாயை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, ஜாடியைக் கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவைப்பார். பிறகு மாமாவின் பந்தலில் இருந்து வந்த பன்னீர் திராட்சை, சீனி, நாலு கிராம்பு, ஒரு கை கோதுமை, கொஞ்சம் ஈஸ்ட். வாயை வேட்டித் துணியால் கட்டி, தினமும் காலையில் மரக்கரண்டியால் ஒரு கிண்டு. சட்டம் தெரிந்தவர்கள் இதைப் படித்துவிட்டு மறந்துவிடுங்கள். கிறிஸ்துமஸ் அன்று பூசை முடிந்து வந்ததும் ஆளுக்கொரு சின்ன எவர்சில்வர் டம்ளரில் அரை அளவு கிடைக்கும். அதோடு ஜாடி பரணுக்குப் போய்விடும்.

எனக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது, அந்த வருஷக் கிறிஸ்துமஸ் மத்தியானம், இலையில் பிரியாணி விழுந்ததும் கேட்டேன். "அத்தை, காலைல குடுத்தீங்களே, மிச்சமிருந்தா கொஞ்சம் ஊத்துங்க. இதோட சேத்துக் குடிச்சுப் பாக்குறேன்."

"ஏண்டா, சோத்துக்கா? அது என்ன ரசமா?"

வீடே சிரித்தது. நானும்தான். ஆனால் அந்தச் சிரிப்பில் ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டு என்கூடவே வந்துவிட்டது. கொடி எங்களுடையது. பழமும் எங்களுடையதே. ஆட்டுக்கறியும் சீரகச் சம்பாவும் இந்தியா முழுக்கப் பேர் வாங்கிய ஊர் எங்களுடையது. இவ்வளவும் இருந்தும் ஒயினும் சோறும் ஒரே இலைப் பக்கம் வரவே இல்லை. ஏன்?

*

ஒயின் தமிழ்நாட்டுக்குப் புதிது என்று சொல்ல முடியாது. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிவைத்த 'பெரிப்ளுஸ்' குறிப்பில், இந்தியத் துறைமுகங்களில் என்ன விலைபோகும் என்ற பட்டியல் இருக்கிறது. முசிறிக்கு ஒயின் போகிறது, ஆனால் அதிகமில்லை என்கிறார். குஜராத்தின் பரூச் துறைமுகத்துக்கு அவர் தரும் யோசனை இன்னும் சுவாரசியமானது: இத்தாலி ஒயினுக்குத்தான் முதல் மதிப்பு, லவோதிக்கேயா சரக்கும் அரேபியச் சரக்கும் கூட எடுபடும். எந்த ஒயினை எங்கே வாங்குவது என்று இந்தியாவை வைத்து எழுதப்பட்ட ஆகப் பழைய குறிப்புகளில் ஒன்று இது என்று எனக்குத் தோன்றும்.

புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் தோண்டியபோது இரண்டு கைப்பிடி வைத்த மத்தியதரைக் கடல் சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. ஆம்ஃபோரா என்று சொல்வார்கள். பின்னாளில் அவற்றை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், அவற்றில் நிறைய கோஸ் தீவு ஒயினுக்கான சாடி வகை என்று கண்டார். கோஸ் ஒயினில் கடல்தண்ணீர் கலப்பார்கள். உப்புக் கரிக்கும் ஒயின்! நீண்ட கப்பல் பயணத்தைத் தாங்கும் என்பதால் அது நம் பக்கம் வந்திருக்கலாம். கருவாட்டுக் குழம்போடு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால் எனக்கு நாக்கு ஊறுகிறது.

ஆனால் யாராவது அப்படிச் சாப்பிட்டார்களா? புறநானூற்றில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பாடும் பாட்டில் யவனர் கொண்டுவந்த தேறல் வருகிறது. குளிர்ந்தது, மணமுள்ளது என்று இரண்டு அடைமொழி. பொற்கிண்ணத்தில் பெண்கள் ஊற்றித் தர, அரசன் குடித்து மகிழவேண்டும் என்கிறார். அந்த இடத்தில் சாப்பாடு இல்லை. ஆற்றுப்படை நூல்களில் கள்ளும் சுட்ட இறைச்சியும் மீனும் பக்கத்தில் பக்கத்தில் வருவதைப் பார்க்கிறோம். பாணனுக்குக் கள்ளோடு கறி, அரசனுக்குத் தேறலோடு பொற்கிண்ணம். ஒயின் அப்போதே சாப்பாட்டுப் பொருள் இல்லை, அந்தஸ்துப் பொருள். (அந்தக் 'குளிர்ந்த, மணமுள்ள' என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலைக்கு ஆகும்.)

*

திண்டுக்கல் சீமைக்குத் திராட்சைக் கொடி எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பத்திரிகைகள் எல்லாம் அதைத்தான் எழுதின: 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்த ரகத்தைக் கொண்டுவந்தார்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பன்னீர் திராட்சையின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். இங்கிலாந்தில், பெட்ஃபோர்ட்ஷயர் மாகாணத்து ரெஸ்ட் பார்க் என்ற பிரபு மாளிகையில் தோட்டக்காரராக இருந்த ஸ்னோ என்பவர் கண்ணாடி வீட்டுக்குள் உருவாக்கிய ரகம் அது. காலம் 1850 வாக்கில். 2003இல் வெளியான மரபணு ஆய்வு அதன் தாய் தகப்பனையும் உறுதி செய்தது: ஒரு பக்கம் கறுப்பு ஹாம்பர்க், இன்னொரு பக்கம் மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா. ஆக, 1832இல் வந்த கொடி பன்னீராக இருக்க வழியில்லை. பாதிரியார் வேறு ஏதோ கொடியைக் கொண்டுவந்திருக்கலாம், பன்னீர் பிறகு வந்து அதன் இடத்தைப் பிடித்திருக்கலாம். அந்தப் பாதிரியார் யேசு சபையாகவும் இருக்க முடியாது. 1773இல் கலைக்கப்பட்ட அந்தச் சபையினர் மதுரை மிஷனுக்குத் திரும்பியது 1830களின் கடைசியில்தான்.

பாதிரியாருக்குக் கொடி எதற்கு என்பதில் குழப்பமில்லை. பூசைக்கு ஒயின் வேண்டும். கலப்படமில்லாத திராட்சைப் பழத்திலிருந்து வந்ததாக, கெடாததாக இருக்கவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். கப்பலில் வரும் பீப்பாய் வெயிலில் புளித்துக் காடியாகிவிட்டால் பூசை நடக்காது.

அதே 1830களில் இன்னொரு கூட்டமும் வந்தது. 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் அடுத்துத் திண்டுக்கல்லிலும் நிலையம் போட்டார்கள். இவர்கள் மதுவுக்கு எதிரான இயக்கம் கொழுந்துவிட்டு எரிந்த நாட்டிலிருந்து வந்தவர்கள். 1869இல் அமெரிக்காவின் வைன்லாந்து ஊரில் தாமஸ் வெல்ச் என்ற பல் டாக்டர், திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் வைக்கும் முறையைக் கண்டுபிடித்தது நற்கருணைக்குப் போதையில்லாத பானம் வேண்டும் என்பதற்காகத்தான்.

விளைவு எங்கள் ஊரில் இன்றும் தெரியும். கத்தோலிக்கக் கோயிலில் பாத்திரத்தில் இருப்பது புளித்த ஒயின். சீர்திருத்த சபைக் கோயில்களில் பெரும்பாலும் காய்ச்சி ஆறவைத்த சாறு. இரண்டுக்கும் தமிழில் ஒரே பெயர்: திராட்சை ரசம். கானாவூர்க் கல்யாணத்தில் தண்ணீர் எதுவாக மாறியது என்று என் பள்ளி நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டிருக்கிறோம். ஒரு கட்சிக்கு அது ரஸ்னா மாதிரி. எங்கள் கட்சிக்கு அத்தை ஜாடி. ஆனால் இரண்டு கட்சிக்கும் ஒன்று பொது. கானாவூரில் அது பந்தியில் பரிமாறப்பட்டது என்பதை யாருமே கவனிக்கவில்லை. அது கல்யாணச் சாப்பாட்டோடு குடித்த ஒயின்.

வெள்ளைக்கார மேஜையிலாவது திண்டுக்கல்லுக்கு இடம் இருந்ததா என்றால், இருந்தது, ஆனால் சாப்பாடு முடிந்த பிறகு. ஸ்பென்சர் கம்பெனி இங்கே சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. கிளப்புகளில் விருந்து முடிந்து போர்ட் ஒயின் கை மாறும் நேரத்தில் பற்றவைக்கப்பட்டது எங்கள் ஊர் சுருட்டு.

*

பிறகு வந்தது மதுவிலக்கு. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலத்தில் தொடங்கி, 1948இல் மாகாணம் முழுக்க. 1971இல் கருணாநிதி தளர்த்தி, 1974இல் மறுபடி மூடி, 1981இல் எம்.ஜி.ஆர். திறந்து, 1983இல் டாஸ்மாக் பிறந்து, 2003இல் சில்லறைக் கடையும் அதன் கைக்கே போனது. 1987 முதல் கள்ளுக்குத் தடை. இந்த வரிசையை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர்.

இதில் ஒயினுக்கு நேர்ந்தது விசித்திரம். பூசை ரசத்துக்கு விலக்கு உண்டு, அதனால் அது கோயிலுக்குள் பிழைத்தது. நாட்டு மருந்துக் கடையில் திராட்சாரிஷ்டம் என்ற பெயரில், தானே ஊறிய ஆல்கஹாலோடு, பசி எடுக்கவும் சளிக்கும் இரண்டு மூடி அளவில் பிழைத்தது. தனியார் கடைகள் இருந்த காலத்தில் தெருவில் பெயர்ப் பலகையாகவும் பிழைத்தது. 'ஒயின்ஸ்' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள், உள்ளே விற்பதெல்லாம் பிராந்தியும் ரம்மும். இன்றைக்கும் வயசாளிகள் "ஒயின்சாப்பு" என்றுதான் சொல்கிறார்கள். ஒயின் என்ற சொல்லுக்கு ஒயின் என்ற அர்த்தமே இல்லாமல் போன ஊர் இது.

மிச்சமிருந்த நம்பிக்கை ஒன்றுதான்: சிவப்பு ஒயின் குடித்தால் ரத்தம் ஊறும், கலர் வரும். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளைக்கு வாங்கித் தருகிற நண்பர்களைப் பார்த்திருக்கிறேன். பாட்டிலின் நிறத்தைப் பார்த்து, அது ரத்த நிறத்தில் இருப்பதால், மருந்தாக வாங்குவது. பெரும்பாலும் 'போர்ட்' என்று எழுதிய, சீனிப்பாகு போலத் தித்திக்கும் சரக்கு. வெள்ளை ஒயினை யாரும் தொடுவதில்லை. வெள்ளையில் என்ன ரத்தம் ஊறும்?

*

பிரியாணிக்கு எந்த ஒயின் என்று நான் முறையாகச் சோதித்தது பெங்களூரில், நண்பன் வீட்டில். இரவு ரயிலில் ஐந்து கிலோ சீரகச் சம்பாவைத் தூக்கிக்கொண்டு போனேன். அவன் மூன்று பாட்டில் வாங்கி வைத்திருந்தான்: விலை கூடின ஒரு கேபர்நே சாவினியோன், நடுத்தர விலையில் ஒரு ஷிராஸ், எல்லாவற்றிலும் குறைந்த விலைக்கு நாசிக் செனின் பிளாங்க் ஒன்று.

திண்டுக்கல் பிரியாணியைப் பற்றி இரண்டு வார்த்தை. 1957இல் நாகசாமி நாயுடு ஆனந்த விலாஸ் என்ற பெயரில் ஆரம்பித்து, அவர் கட்டிய தலைப்பாவால் தலப்பாக்கட்டி ஆன கடைதான் இதற்குப் பேர் வாங்கித் தந்தது. பாஸ்மதி கிடையாது. கறித் துண்டு சின்னது. பச்சை மிளகாய்க் காரம், மிளகு, தயிரும் எலுமிச்சையும் தரும் புளிப்பு. ஹைதராபாத் பிரியாணி வாசனையில் பேசினால், எங்கள் ஊர்ப் பிரியாணி புளிப்பிலும் காரத்திலும் பேசும்.

கேபர்நே முதல் வாயிலேயே தோற்றது. குற்றம் ஒயினில் இல்லை. சிவப்பு ஒயினுக்குத் தோலிலிருந்து துவர்ப்பு வருகிறது. நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி ஒரு இழுப்பு. கொழுத்த, காரமில்லாத மாட்டுக்கறித் துண்டோடு அது அழகாகச் சேரும், கொழுப்பும் புரதமும் அதை வழுவழுப்பாக்கிவிடும். பச்சை மிளகாய் எரியும் நாக்கில் அதே துவர்ப்பு உப்புக் காகிதம். போதாக்குறைக்கு ஆல்கஹால். நாக்கில் சூட்டை உணரும் ஏற்பியும் மிளகாயை உணரும் ஏற்பியும் ஒன்றுதான். அது விழித்துக்கொள்ளும் வெப்ப அளவை ஆல்கஹால் 42 டிகிரியிலிருந்து 34 வரை இறக்கிவிடுகிறது என்று 2002இல் ஓர் ஆய்வு காட்டியது. நம் உடம்புச் சூடே அதற்கு மேல்! பதினான்கு சதவிகித ஒயினும் காரமும் சேர்ந்தால் வாய் பற்றி எரிவது கற்பனை இல்லை.

செனின் பிளாங்க் வேறு கதை. ஃபிரிட்ஜில் இருந்து எடுத்தது, எலுமிச்சைக்கு ஈடு கொடுக்கும் புளிப்பு, மெல்லிய இனிப்பு. எரிச்சலை அந்த இனிப்பும் குளிர்ச்சியும் தணிக்க, அடுத்த கவளத்துக்கு வாய் தயாராகிவிட்டது. அரை மணி நேரத்தில் குறைந்த விலைப் பாட்டில் காலி, அதிக விலைப் பாட்டில் அப்படியே.

ஷிராஸை மாலையில் மிளகுச் சுக்காவோடு குடித்தோம். 2008இல் ஆஸ்திரேலியர்கள் ஷிராஸில் ரோட்டுண்டோன் என்ற வாசனைப் பொருளைக் கண்டுபிடித்தார்கள். மிளகின் வாசனையும் அதனால்தான். தாண்டிக்குடி மிளகு போட்டு வறுத்த கறிக்கு அது பங்காளி. மிளகாய் இல்லாமல், மிளகு மட்டும் என்றால் சிவப்புக்கு வாய்ப்புண்டு. அதையும் குடிக்கும் முன் இருபது நிமிஷம் ஃபிரிட்ஜில் வைக்கவேண்டும். புத்தகங்கள் சொல்லும் 'அறை வெப்பம்' ஐரோப்பிய அறைக்கு, எங்கள் ஊர் மே மாதத்துக்கு இல்லை.

ஆகவே தம்பி தங்கைகளே, குடிக்கும் வயதும் விருப்பமும் உள்ளவர்களுக்கு மட்டும், என் அனுபவத்தில் காசு மிச்சமாகும் வழி: நம் சாப்பாட்டுக்கு முதலில் வெள்ளையைப் பாருங்கள். கொஞ்சம் இனிப்புள்ள செனின் பிளாங்க் காரத்துக்கு. இனிப்பே இல்லாத சாவினியோன் பிளாங்க் எலுமிச்சை பிழிந்த மீன் வறுவலுக்கு. பாட்டிலில் வருஷம் பார்த்து, நம்மூர் வெள்ளை என்றால் இரண்டு வருஷத்துக்கு மேல் பழையதை விட்டுவிடுங்கள். பழசாக ஆக ருசி என்பது கொஞ்சம் ஒயின்களுக்கு மட்டுமே. வெயில் படும் அலமாரியில் நின்ற பாட்டில் எந்த வருஷமானாலும் வேண்டாம். கார்க் இல்லாத திருகு மூடியைக் குறைவாக நினைக்க வேண்டாம். 'ரிசர்வ்' என்பதற்குக் கொடுக்கும் கூடுதல் காசு பெரும்பாலும் ஓக் பீப்பாய்க்குப் போகிறது, அந்த மர வாசனை நம் மசாலாவோடு மல்லுக்கு நிற்கும். ரசத்துக்கும் புளிக்குழம்புக்கும் எதையும் தேடாதீர்கள். புளி முன்னால் எந்த ஒயினும் தண்ணீர்தான். அத்தை ஒருவகையில் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

*

நாசிக்கில் செனின் எப்படி மலிவாகக் கிடைக்கிறது? அங்கேயும் ஒரு காலத்தில் சாப்பிடும் திராட்சைதான். ராஜீவ் சமந்த் 1990களில் சுலாவைத் தொடங்கி, செனின், சாவினியோன் கொடிகளை நட்டு, 2000இல் முதல் ஒயினை வெளியிட்டார். 2001இல் மகாராஷ்டிர அரசு ஒயினுக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்து கலால் வரியிலிருந்து விலக்குக் கொடுத்தது. ஒயினைச் சாராயத்தோடு சேர்க்காமல் விவசாயத்தோடு சேர்த்துப் பார்த்தார்கள். பக்கத்துக் கர்நாடகம் 2007இல் தன் கொள்கையைக் கொண்டுவந்தது.

இங்கே சிறுமலை அடிவாரத்தில், வெள்ளோடு, ஜாதிக்கவுண்டன்பட்டி, கொடைரோடு பக்கம், பன்னீர் பந்தல்கள் கல் தூண்களின் மேல் நிற்கின்றன. கவாத்து செய்து நாலு மாதத்தில் பழம். அறுக்கிற வாரம் மழை பெய்தால் பழம் வெடித்துவிடும். பறித்தால் தாங்காது, அன்றன்றே விற்கவேண்டும். இது வியாபாரிக்கும் தெரியும். ஒரு வருஷம் மாமாவிடம் கிலோ இருபதுக்குக் கேட்டார்கள். புவிசார் குறியீடு வந்த செய்தியை நான் போனில் சொன்னபோது, "அது கம்பத்துக்கு மாப்ள. நம்ம பழத்துக்கு இல்ல" என்றார். அதே கொடி, அதே பழம், மாவட்டம் வேறு.

பன்னீரில் நல்ல ஒயின் வராது என்று ஒயின் தெரிந்தவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். பாதி உண்மை. சாப்பிடும் பழத்தைப் பதினாறு, பதினெட்டு பிரிக்ஸ் சர்க்கரையில் பறிக்கிறோம். சிவப்பு ஒயினுக்கு இருபத்திரண்டுக்கு மேல் வேண்டும். துவர்ப்பும் நிறமும் குறைவு. ஆனால் 1980இல் சீனாவின் தியன்ஜின் நகரில், பிரான்சின் ரெமி மார்ட்டினோடு சேர்ந்து தொடங்கிய டைனஸ்டி நிறுவனம் தன் பேரை நிலைநாட்டியது ஒரு வெள்ளை ஒயினால். அதற்கு அவர்கள் பயன்படுத்திய பழம் மஸ்கட் ஹாம்பர்க். தோல்தான் கறுப்பு, உள்ளே சாறு நிறமற்றது. பறித்த உடனே பிழிந்து தோலை நீக்கிவிட்டால் வெள்ளை ஒயின். சர்க்கரை குறைவென்றால் ஆல்கஹால் குறையும், துவர்ப்பும் இல்லை, மஸ்கட் வாசனை மட்டும் நிற்கும். சீனாவில் அந்தப் பழத்துக்கு மெய்குய்சியாங் என்று பெயர். ரோஜா மணம் என்று அர்த்தம். நாம் பன்னீர் என்கிறோம். ஒருவரை ஒருவர் பார்க்காத இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே பழத்தை முகர்ந்துவிட்டு ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள்.

குளிர்ந்தது, மணமுள்ளது. காரமான புளிப்பான கறிச்சோற்றுக்கு நான் பெங்களூரில் தேடியதும் அதைத்தான். அது மாமாவின் பந்தலில் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் அதைத் தோலோடு போட்டு, கிராம்பு போட்டு, சிவப்பாக்கி, சீனியில் முக்கி, சோற்றுப் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டோம்.

போன நவம்பரில் அத்தையிடம் கெஞ்சி, ஒரே ஒரு சின்ன ஜாடியில் சாற்றை முதலிலேயே பிழிந்து, கிராம்பு கோதுமை எதுவுமில்லாமல், சீனியைக் குறைத்து வைத்தோம். "செவப்பா இல்லாட்டி அது என்னடா ஒயினு" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் துணியைக் கட்டினார். மாமா அந்த வருஷம் பாதிப் பந்தலைப் பிரித்துக் கொய்யா வைத்திருந்தார். கல் தூண்களைப் பிடுங்க ஆள் கூலி அதிகம் என்று அப்படியே விட்டிருந்தார், கொய்யாக் கன்றுகளுக்கு நடுவில் அவை வரிசையாக நின்றன.

கிறிஸ்துமஸ் மத்தியானம் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தேன். வெங்காயத் தோல் நிறத்தில், லேசாகக் கலங்கி இருந்தது. மாமா ஒரு கவளம் பிரியாணி, ஒரு வாய் ஒயின், மறுபடி ஒரு கவளம் என்று நிதானமாகச் சாப்பிட்டார். டம்ளரை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டார்.

"காரத்துக்கு நல்லாத்தேன் இருக்கு மாப்ள. சரி, இதுக்குன்னு வந்தா கிலோ எம்புட்டுக்கு எடுப்பாய்ங்க?"

நான் பதில் சொல்லாமல் அவருக்கு ஊற்றினேன். அத்தை தன் டம்ளரையும் நகர்த்தி வைத்தார்.